கல்லுக்கு அடியில் மடித்த தாள்

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. அந்த அக்கா எங்கள் பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கி அது. எட்டு மாதமாக முதலாளி வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்தத் தொகை எனக்கு ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் பெயர் மாதிரி ஆகிவிட்டது. சமையல் மேடைக்கு வெள்ளை குவார்ட்ஸ் போட்டுக் கொடுத்த வீடு. முன்பணம் வந்தது, கல் இறங்கிய அன்று ஒரு பங்கு வந்தது, கடைசித் தவணை மட்டும் வரவில்லை. போட்ட மூன்றாம் வாரமே அடுப்புப் பக்கத்தில் கருகிவிட்டது, சூடு தாங்கும் என்று உங்கள் ஆள் சொன்னதால்தான் சட்டியை வைத்தேன், இதற்கு ஒரு வழி சொல்லாமல் காசு கிடையாது என்று அந்த அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டார். உங்கள் ஆள் என்றால் நான்தான்.

அந்தப் புகார் வந்த அன்றைக்கே முதலாளி என்னை மெஷினிலிருந்து இறக்கி, போனைக் காதில் வைத்தபடியே கேட்டார். சூடு வைக்கக் கூடாது என்று சொன்னாயா, தாளைக் கொடுத்தாயா என்று இரண்டே கேள்வி. சொன்னேன் முதலாளி, கையிலேயே கொடுத்தேன் முதலாளி என்று இரண்டுக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பதில் சொன்னேன். இடுப்புவரை கல் சேறு வழிய நின்றிருந்த ஆளைப் பார்த்தால் பொய் சொல்கிறவன் மாதிரி தெரியாது போலிருக்கிறது. முதலாளி அப்படியே போனில் ஒப்பித்துவிட்டு வைத்தார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கல்லோடும் கம்பெனிக்காரன் வழவழப்பான கெட்டித் தாள்களை ஒரு கட்டு வைத்து அனுப்புவான். மேலே ஒரு பெண் சிரித்துக்கொண்டே மேடையைத் துடைக்கிற படம் இருக்கும், கீழே பொடி எழுத்து. கல்லைப் போட்டு முடித்ததும் வீட்டுக்காரர் கையில் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு எண் தெரியும். டேப்பில் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். எழுத்துதான் தெரியாது. அதனால் அந்தத் தாள் எனக்கு விளம்பரம். அதற்கு வேறொரு உபயோகமும் வைத்திருந்தேன். அலமாரிப் பெட்டி எந்த வீட்டிலும் சமமாக நிற்காது, ஏதாவது ஒரு மூலை தாழ்ந்துதான் இருக்கும். பிளாஸ்டிக் ஆப்பு தீர்ந்துபோன நாளில் அந்தத் தாளை மூன்று மடிப்பு மடித்து மூலையில் கொடுத்தால் சொல்லி வைத்தாற்போல ஒரு நூல் உயரும். மேலே கல்லை இறக்கிவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. இதைக் கண்டுபிடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்ட காலமும் உண்டு.

அக்கா வீட்டில் அடுப்புக்கு வலது பக்க மூலையில் கொடுத்திருந்தேன்.

பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல. முதலாளி வேலை விவரத்தை எல்லாம் போனில் எழுதி அனுப்ப ஆரம்பித்தார். இடது என்பதும் வலது என்பதும் எனக்கு ஒரே புழு நெளிகிற மாதிரிதான் தெரிந்தது. என்னோடு வேலை செய்கிற கொக்கு பக்கத்தில் இருந்தால் கண்ணில் தூசி என்று சொல்லி அவனைப் படிக்கச் சொல்வேன். அவன் உயரத்துக்கும் கழுத்துக்கும் யார் வைத்த பெயரோ, சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அவன் வராத ஒரு நாளில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கான ஓட்டையை மாற்றுப் பக்கத்தில் வெட்டிவிட்டேன். முழுக் கல் பாழ். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாயா என்று முதலாளி கத்தினார். நான் ஆமாம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். குடிகாரன் என்ற பெயர் பரவாயில்லை என்று பட்டது. வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிற வகுப்புக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. முழங்கால் மேசையில் இடிக்கும். ஆறு மாதத்தில் கடைப் பலகைகளைப் படித்தேன், மருந்துச் சீட்டைப் படித்தேன், பேருந்தில் எழுதியிருக்கிற கெட்ட வார்த்தையைக்கூடப் படித்தேன்.

போன திங்கட்கிழமை புதுக் கல் இறங்கியது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அந்தத் தாள் கட்டு கிடந்தது. சோற்றுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கை விரலை ஓட்டிப் படித்தேன். இது மலையில் வெட்டிய கல் அல்ல, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கல் தூள், மீதி பிசின் என்று முதல் வரியில் இருந்தது. பதினோரு வருடமாக இதை அறுக்கிறேன். அறுக்கும்போது வருகிற அந்தப் பிளாஸ்டிக் கருகல் வாசனை பிளேடிலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தேன். மூக்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இரண்டாவது வரி, மிருதுவான துணி, சாதாரண சோப்பு, அமிலம் கூடாது. மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரடியாக வைக்கக் கூடாது, பிசின் கருகினால் சரிசெய்ய இயலாது.

"என்னண்ணே, கல்யாணப் பத்திரிகையா? இத்தனை நேரம் பாக்குறீங்க" என்றான் கொக்கு. நான் தாளை மடித்தேன். மூன்று மடிப்பு. கை பழக்கத்தில் தானாகவே மடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நாலு நாள் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மெஷின் ஓடும்போது கணக்குப் போடுவேன். எத்தனை வீடு, எந்த மூலை. டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். சட்டைப் பையில் சில்லறையைத் தேடுவதுபோல எதையோ தேடிக்கொண்டே இருந்தேன். முதலாளியிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை அவர் மேசை வரைக்கும் போய், பிளேடு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பொய் சொன்னதை ஒத்துக்கொள்வதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஏன்டா கொடுக்கவில்லை என்று கேட்டால், படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் குடிகாரன் பட்டமே வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே பில்லை நீட்டினார். இன்றைக்கு வாங்கி வந்துவிடு, இல்லையென்றால் மதியம் கொக்கைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைக் கழற்றிக்கொண்டு வா என்றார். ஒட்டிய கல்லைக் கழற்றினால் உடையும், யாருக்கும் உதவாது. அது அவருக்கும் தெரியும். எட்டு மாதக் கோபம்.

அந்த அக்கா இரண்டு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவர். நாற்பது டப்பா. மேடைதான் அவருக்குக் கடை. நான் போனபோது சாப்பாட்டு வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. டப்பா மூடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முன் அறையில் அவர் கணவர், பேருந்து ஓட்டுகிறவர், முறை முடிந்து வந்து சட்டையைக் கழற்றாமலே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு பாரு, உன்னோட சாட்சி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

சமையலறை நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. அதைவிட நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனையோ வீட்டில் ஆறு மாதத்தில் தொட்டி ஓரம் மஞ்சள் பிடித்திருக்கும். இங்கே இணைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. அக்கா அதை எடுத்தார். பிறை வடிவத்தில், நடுவில் காவி, ஓரத்தில் மஞ்சள். விரலால் தடவினேன். மேல் பாலிஷ் செத்துச் சொரசொரவென்று இருந்தது. தேய்த்து எடுக்க முடியாத ஆழம்.

இந்த அக்கா கல் எடுக்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிரானைட் போதும், விலை குறைவு என்று கணவர் சொல்லியும் கேட்காமல், வெள்ளைதான் வேண்டும், அழுக்குப் பட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சாப்பாடு செய்கிற இடம் என்றார். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகள் மூன்றை வாங்கிப்போய், எண்ணெய், எலுமிச்சம் பழம், டீ டிக்காஷன் எல்லாம் ஊற்றி இரண்டு நாள் வைத்திருந்து, கறை பிடிக்காத துண்டோடு வந்தார். பட்டறையில் யாரும் அப்படிக் கல் எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியாக என்னிடம்தான் கேட்டார், சூடு எப்படி என்று. நான் சிரித்தேன். மலையிலேயே வெயிலில் காய்ந்து கிடந்த கல் அக்கா, உங்கள் அடுப்புக்கா பயப்படும் என்றேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் மாதிரித் துண்டில் சூடு மட்டும் வைத்துப் பார்க்கவில்லை.

பில்லை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா மேல் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கித் திறந்தார். உள்ளே ரப்பர் போட்ட நோட்டுக்கட்டு.

"எண்ணிப் பாருங்க கல்லுக்காரரே. பதினெட்டாயிரத்து நானூத்தம்பது. கல்லு போட்ட மாசமே எடுத்து வெச்சது. ஒரு நோட்டுகூட அதுலருந்து எடுத்ததில்ல."

நான் பில்லைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்தேன்.

"காசு இல்லாம நான் இழுத்தடிக்கல. சொன்னேன், தாள் கொடுத்தேன்னு உங்க முதலாளிகிட்ட சொன்னீங்கல்ல. போன்ல அத எங்க வீட்டுக்காரரும் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அன்னையிலருந்து இந்த வீட்டுல எது தொலைஞ்சாலும், எது உடைஞ்சாலும், நான் சொல்றது எடுபடல. நீதான் மறந்திருப்ப, கல்லு விஷயம் மாதிரின்னு ஒரு பேச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு." மூடியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். "எனக்கு மறதி கிடையாது. நீங்க சொன்ன மலையும் நினைப்பிருக்கு, வெயிலும் நினைப்பிருக்கு. இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, தாள் கொடுத்தேன்னு. எண்ணி வாங்கிட்டுப் போயிருங்க."

முன் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அடுப்புக்கு வலது பக்க அலமாரியைத் திறந்தேன். எண்ணெய் டின்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியில் வைத்தேன். தலையை உள்ளே விட்டு, மூலையில் விரலால் துழாவினேன். ஒட்டுப் பசை காய்ந்து பிடித்திருந்தது. கருவிப் பையிலிருந்த மெல்லிய கத்தியால் இரண்டு பக்கமும் கீறி, சின்ன இரும்பு ஆப்பு ஒன்றைத் தட்டிக் கல்லை ஒரு மயிரளவு தூக்கிக்கொண்டு, மெல்ல இழுத்தேன். வந்துவிட்டது. ஆப்பையும் உருவிக்கொண்டேன். தாள் எண்ணெய் ஏறி, மடிப்பில் பழுப்பேறியிருந்தது. மேடையில் வைத்து மூன்று மடிப்பையும் பிரித்தேன். சிரிக்கிற பெண்ணின் முகத்தில் குறுக்காக ஒரு கோடு விழுந்திருந்தது.

"இதுதான் அக்கா அந்தத் தாள். மூலை தாழ்ந்திருந்துச்சு, அதுக்குக் கொடுத்துட்டேன்."

அவர் படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததை முகத்தில் பார்த்தேன். "இத படிச்சுட்டா மடிச்சு வெச்சீங்க?"

"படிக்கத் தெரியாதுக்கா அப்ப."

சொன்ன பிறகு காது இரண்டும் சூடாகிவிட்டது. முன் அறையில் டிவி சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கணவர் வாசல் நிலையில் வந்து நின்றிருந்தார். நான் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, முதலாளியைக் கூப்பிட்டேன். வாங்கிவிட்டாயா என்றுதான் எடுத்தார். வாங்கவில்லை, அந்த அக்கா சொன்னதுதான் நிஜம், சூடு தாங்கும் என்று சொன்னது நான், தாளைக் கொடுக்காமல் கல்லுக்கு அடியில் முட்டுக் கொடுத்தது நான், தொட்டி ஓட்டை வெட்டிய அன்றும் நான் குடிக்கவில்லை, எழுத்து தெரியாததால் வெட்டியது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். தொட்டி விஷயம் கேட்காமலே வாயில் வந்துவிட்டது.

"இத்தனை வருஷமா என்னடா பண்ணிட்டு இருந்த எங்கிட்ட" என்றார் முதலாளி. அதட்டலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, அந்தம்மா பாக்கியைக் கணக்கிலிருந்து அடித்துவிடு, உன் கூலியில் வாரம் ஐந்நூறு பிடிப்பேன், மற்றதைத் திங்கட்கிழமை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். மற்றது என்றால் என்ன என்று தெரியவில்லை. தொட்டிக் கல்லின் விலையா, வேலையா.

அக்கா டப்பாவை மூடவும் இல்லை, என் பக்கம் தள்ளவும் இல்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தன்னுடைய பில் நகலை எடுத்துவந்து, ஒரு பேனாவோடு மேடையில் வைத்தார்.

"எழுதிக் கொடுங்க. இப்பத் தெரியும்ல."

வகுப்பில் கோடு போட்ட நோட்டில் எழுதியிருக்கிறேன். இன்னொருவர் கையில் இருக்கப்போகிற தாளில் எழுதியதில்லை. குவார்ட்ஸ் மேல் பேனா வழுக்கியது. மூன்று வரி எழுதினேன். சூடு வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாள் கொடுக்கவில்லை. பாக்கி இல்லை. கொடுக்கவில்லை என்பதில் எந்த ல என்று ஒரு நிமிடம் கை நின்றது. யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. முடித்ததும் அக்கா எடுத்து நின்றபடியே ஒரு முறை படித்தார். பிறகு நிலையில் நின்றிருந்த கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கிப் படித்துக்கொண்டே இருந்தார். மூன்று வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

தாளை உருவிய மூலை தாழ்ந்திருந்தது. மேடையில் துடைத்த ஈரம் ஒரு கோடாகச் சேர்ந்து அந்தப் பக்கம் ஊர ஆரம்பித்திருந்தது. பையில் துழாவினேன், பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றுகூட இல்லை. வசூலுக்குக் கொண்டுவந்த பட்டறைப் பில் சட்டைப் பையில் கசங்கிக் கிடந்தது. பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது என்று முதலாளி சிவப்பில் சுழித்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தேன், அக்கா கையில் கொடுக்க வேண்டியது வேறு எதுவும் எழுதியிருக்கிறதா என்று. இல்லை. மெலிந்த தாள், ஐந்து மடிப்பு வேண்டியிருந்தது. இரும்பு ஆப்பால் கல்லைத் தூக்கி, மூலையில் செருகிவிட்டு, ஆப்பை உருவி, ரசமட்டத்தை மேடையில் அந்தப் பிறைக்குப் பக்கத்தில் வைத்தேன். குமிழ் ஒரு ஓரத்துக்கு ஓடியது, திரும்பி வந்தது, கோட்டைத் தாண்டிப் போய், மறுபடி வந்தது. அக்காவும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.