இரண்டு தொண்டைகள்

ஷாசியா தூக்கத்தில் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த ஃபஹீமா கட்டிலருகே நின்று பார்த்தாள். மகளின் கழுத்து ஏறி இறங்கியது. சற்று நின்றது. மறுபடி ஏறி இறங்கியது. கனவில் தண்ணீர் குடிக்கிறாள் போல என்றுதான் முதலில் நினைத்தாள். டான்சில் எடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது, நேற்று ரசஞ்சோறுகூடச் சாப்பிட்டாள். பிறகுதான் தலையணையில், உதட்டோரம், சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. தூக்கி உட்காரவைத்ததும் ஷாசியா வாந்தி எடுத்தாள். முதலில் கறுத்த ரத்தம், அதன் பின்னால் புது ரத்தம். ஃபஹீமா இரண்டு கைகளையும் குவித்து அதை ஏந்தினாள். "லாத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டாள். அடுப்படியிலிருந்து உப்பு எடுத்துவரச் சொல்வது போன்ற குரலில் கூப்பிட்டாள்.

அக்கா அமீருன்னிசா ஓடிவந்து பார்த்தாள். தெருமுனையில் கார் வைத்திருக்கும் பக்கிரிக்குப் போன் போட்டாள்.

லால்பேட்டையில் அந்த வீட்டில் அக்காளும் தங்கையும் சேர்ந்தே இருந்தார்கள். இரண்டு பேரின் கணவர்களும் வளைகுடாவில். அமீருன்னிசாவின் மகன் அத்னானுக்கும் ஷாசியாவுக்கும் மாதம் தவறாமல் தொண்டையில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. இரண்டும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டன. எடுத்துவிடுவது நல்லது என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். எப்படி எடுப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. சிதம்பரத்தில் டாக்டர் தட்சிணாமூர்த்தி, "கத்தியால பிரிச்சி எடுத்து, ரத்தக்குழாய நூலால கட்டிருவேன். நான் கத்துக்கிட்டது அதான். கொஞ்ச நாள் வலிக்கும்" என்றார். கடலூரில் டாக்டர் காயத்ரி ஒரு பேனா போன்ற கருவியைக் காட்டினார். "உப்புத்தண்ணியும் கரண்டும் சேர்ந்து சதையக் கரைச்சிடும்மா. அவ்வளவா சூடு இல்ல, வலி கம்மி. ஆனா எந்த முறையில எடுத்தாலும் பொருக்கு உதிர்ற சமயத்துல ரத்தம் வரலாம். கவனமா இருக்கணும்." ஃபஹீமா காதில் விழுந்தது வலி கம்மி என்பது மட்டும்தான். துபாயிலிருந்து அவள் கணவன் ஷாகிரும் அதையே சொன்னான். அமீருன்னிசாவோ பக்கத்தில் இருக்கும் சிதம்பரமே போதும் என்றுவிட்டாள்.

ஒரே வாரத்தில் ஷாசியாவுக்குக் கடலூரிலும் அத்னானுக்குச் சிதம்பரத்திலும் முடிந்தது. அத்னான் எச்சில் விழுங்கவே அழுதான். ஐஸ்கிரீமைக்கூடத் தள்ளிவிட்டான். ஷாசியா மூன்றாம் நாளே கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றாள். அதை ஃபஹீமா வீடியோ எடுத்து ஷாகிருக்கு அனுப்பினாள். பின்னணியில் அத்னானின் அழுகை கேட்டது. ஷாகிர் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, 'மெஷின்னா மெஷின்தான்' என்று எழுதியிருந்தான். அமீருன்னிசாவும் தன் போனில் அதைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைத் தங்கைக்கும் சேர்த்தே போட்டாள்.

அத்னானைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். கார் ஊர் எல்லையைத் தாண்டியது. "கடலூருக்கா, சிதம்பரத்துக்கா?" என்று பக்கிரி கேட்டபோது, "கடலூரு வரைக்கும் தாங்காது. தட்சிணாமூர்த்தி டாக்டர்கிட்டயே போங்க" என்று அமீருன்னிசாதான் சொல்லியிருந்தாள். ஷாசியா அவள் மடியில் முன்னால் சாய்ந்து ஒரு கிண்ணத்தில் துப்பிக்கொண்டே வந்தாள். "முழுங்காத தங்கம். துப்பு. பெரியம்மா புடிச்சிக்கிறேன்." ஃபஹீமா பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தாள். ஒரு அரிசி ஆலை போனது. களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு ஒருத்தி நடந்தாள். பயம் வரவேண்டும் என்று ஃபஹீமாவுக்குத் தெரிந்தது. துஆ ஓதத் தொடங்கினாள். பாதியில் சொற்கள் நின்றுவிட்டன. அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. அமீருன்னிசா கிண்ணத்தையும் பிள்ளையின் முகத்தையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

தட்சிணாமூர்த்தி ஷாசியாவின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்.

"எங்க எடுத்தது? எப்புடி எடுத்தாங்க?"

ஃபஹீமா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடலூர்ல சார். கரண்டு மெஷின்ல" என்றாள் அமீருன்னிசா. கொஞ்சம் நிறுத்தி, "அங்க நல்லாத்தான் செஞ்சாங்க. புள்ள வலியில்லாம இருந்துச்சி" என்றாள்.

"ரத்தம் கத்தியில எடுத்தாலும் வரும்மா. எனக்கும் வந்திருக்கு. கடைசியா எப்ப சாப்புட்டா?"

அதற்கும் அமீருன்னிசாதான் பதில் சொன்னாள். ஷாசியாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்போது அவள் அம்மாவைப் பார்த்தாளா பெரியம்மாவைப் பார்த்தாளா என்று ஃபஹீமாவுக்குப் புரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் காது மூக்கு தொண்டையின் படம் ஒன்று மாட்டியிருந்தது. யாருடையதோ ஒரு தொண்டை, பாதியாக வெட்டி, நிறம் தீட்டி. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதி தெரிந்து ஷாகிர் கூப்பிட்டான். அமீருன்னிசா போனைத் தங்கையின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க? ரொம்ப ஜாஸ்தியா போச்சா?"

"உள்ள இருக்கா."

"நாம சிதம்பரத்துலயே எடுத்துருக்கலாமோ?"

"தெரியலங்க."

"நீ அழுவுறியா?"

"இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஷாகிர்தான் அழுதான். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. "கட்டியாச்சி. ரத்தம் நின்னுடுச்சி. ரத்தம் ஏத்த வேண்டியிருக்குமான்னு காலையில பாத்துட்டு சொல்றேன். கொஞ்சம் கழிச்சி ஒருத்தர் மட்டும் உள்ள போங்க." அமீருன்னிசா சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஃபஹீமா தலையாட்டினாள். "சரிங்க சார்" என்றாள்.

"நீ போ. இப்புடியேவா போவ? வா" என்று அமீருன்னிசா அவளைக் கொல்லைப்புறத்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். ஃபஹீமாவின் கைகள் இன்னும் குவிந்தபடியே இருந்தன. விரலிடுக்கில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அமீருன்னிசா குழாயைத் திறந்து, அந்தக் கைகளை இழுத்துத் தண்ணீரில் விட்டு, கட்டைவிரலால் நகக்கண்ணைத் தேய்த்தாள். தேய்த்த மாத்திரத்தில் தன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"யம்மா, கொதிக்குது. டேங்க் தண்ணி. எடு புள்ள கைய."

வெயிலில் பகலெல்லாம் காய்ந்த குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாகி சிமெண்ட் தரையில் ஓடியது. ஃபஹீமா கையை எடுக்கவில்லை. தோல் மெல்லச் சிவந்துவருவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.