இருமல் பிடித்த ஹீட்டர்

பஸ் கண்டக்டர் இறந்த மறுமாதம், அவர் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் ஹீட்டர் அவரைப் போலவே இரும ஆரம்பித்தது. பற்றவைத்ததும் இரண்டு வறட்டு இருமல், கொஞ்சம் இடைவெளி, பிறகு பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் அவர் செய்கிற அந்தக் கனைப்பு. அதற்கப்புறம்தான் தீ பிடிக்கும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் எந்த வீட்டு ஹீட்டர்தான் சும்மா இருந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். கண்டக்டரின் மனைவி மட்டும், கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கத்தில், சமையலறையிலிருந்தபடியே, "கழுத்துல துணியச் சுத்துங்கன்னா கேக்குறீங்களா?" என்று பதில் கொடுப்பார். ஹீட்டர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த வகையிலும் அது அவரைப் போலத்தான் இருந்தது.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா இரும்புப் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று நாலு பேர் பேசுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று ஹீட்டர்காரரைக் கூட்டிவந்தாள். அரைகுறை வேலை என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு திருகு சரியாக உட்காரவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. காதை வைத்துக் கேட்டதுமே விஷயம் பிடிபட்டது. சுவருக்கு வெளியே இருக்கும் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்து நிரப்புவது கண்டக்டரின் வேலை. அவர் போனபின் யாரும் பார்க்கவில்லை. எண்ணெய் அடிமட்டத்துக்கு இறங்கி, குழாயில் காற்று புகுந்துவிட்டது. ஹீட்டர்காரர் தொட்டியை நிரப்பினார், புகைக்குழாயின் கரியைச் சுரண்டினார், வடிகட்டியை மாற்றினார், எண்ணெய் பீய்ச்சும் நாசிலைப் புதிதாகப் போட்டார். கடைசியில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, பம்பிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரையோடு வந்த எண்ணெயை ஒரு பழைய மருந்து பாட்டிலில் பிடித்தார். மற்ற மெக்கானிக்குகள் அதைத் தரையில் விட்டுத் துணியால் துடைப்பார்கள். இவர் ஒரு சொட்டுகூடச் சிந்தமாட்டார். நுரை நின்றதும் திருகை முடுக்கி, பாட்டிலையும் இறுக மூடி எடுத்துப்போய், தன் வீட்டில் கிடந்த பழைய கருவிப்பெட்டியில் போட்டுவைத்தார். ஹீட்டர் வாயே திறக்காமல் பற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்த வீடு சூடாகவில்லை. ஹீட்டரைத் தொட்டால் கை வெந்துவிடும், ஆனால் அதன் பக்கத்து முக்காலியில் வைத்த டம்ளர் தண்ணீர் கட்டியாக உறைந்தது. கண்டக்டரின் மனைவி இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் புருஷனின் காக்கிக் கோட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பதில் சொல்ல எதுவும் இல்லாததால் பேச்சும் நின்றுபோனது. மகள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்; குளிரும் கூடவே போனது. மருமகன் பல் கிடுகிடுக்க, மாமியாரை மரியாதையாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். கையுறையைக் கழற்றாமலே நாடி பார்த்த டாக்டர், இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஹீட்டர்காரர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். தீ நீலமாக, ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா" என்று நடுங்கிக்கொண்டே சொன்னார். செய்த வேலையில் பிழையில்லை, ஒரு மனுஷி கண்ணெதிரே விறைத்துப்போகிறாள் என்ற இரண்டும் சேர்ந்து அவரை அரித்தன. அப்படியே வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க பழைய பெட்டிக்கு என்ன வந்துச்சு? வாரக்கணக்கா இருமிக்கிட்டே கெடக்கு. ஒண்ணு வைத்தியம் பாருங்க, இல்ல வெளியில வைங்க."

திறந்து பார்த்தார். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு நிமிஷத்தில் அடங்கியிருக்க வேண்டிய நுரை இன்னும் அடங்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. குழாயில் தெரிந்தே காற்றை விடுவதா என்று கைத்தொழிலின் மானம் ஒருபக்கம் இழுத்தது. அந்த நீல உதடு மறுபக்கம் இழுக்க, பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.

தொட்டியின் வால்வை மூடி, வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றி, நுரையை அதில் ஊற்றி மாட்டினார். வால்வைத் திறந்து பற்றவைத்தார். இரண்டு இருமல். இடைவெளி. கனைப்பு. போர்வைக்குள்ளிருந்து, "கழுத்துல துணியச் சுத்துங்கன்னா..." என்று மெல்லிய குரல் வந்தது. டம்ளரில் பனிக்கட்டி விரிசல் விட்டது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் நாலு பேரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் குளிருக்கு முன்னால் ஹீட்டர்காரர் வந்து காற்றைப் பாட்டிலில் பிடித்துவைத்து, கரி சுரண்டி, நாசில் மாற்றி, எல்லாம் முடிந்ததும் பிடித்ததை அப்படியே திருப்பி விட்டுவிட்டுப் போவார். கேட்டவர்களிடம் அது வேறு மாடல் என்றார். மற்ற வீடுகளில் ஒரு குமிழியைக்கூட விட்டுவைக்கவில்லை.

கண்டக்டரின் மனைவி நல்ல வெயில் காலத்தில், சூடான வீட்டில் இறந்துபோனார். மகள் அங்கேயே குடிவந்தாள். அந்த வருஷமும் ஹீட்டர்காரர் வந்து காற்றுத் திருகைத் தளர்த்தினார். மகள் டார்ச் அடித்தாள். நுரை பொங்கியது. பாட்டிலுக்குள் இரண்டு இருமல் கேட்டது, பிறகு கனைப்பு. உடனே, அதே பாட்டிலிலிருந்து, "...கேக்குறீங்களா?"

மகள் டார்ச்சைப் பாட்டிலுக்கு நேராகத் திருப்பினாள்.

"அண்ணே, அம்மாவும் வந்துட்டாங்களா?"

ஹீட்டர்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். நுரை வாய்வரைக்கும் வந்திருந்தது.

"இது பத்தாதும்மா. பெரிசா ஒண்ணு கழுவிக் கொண்டா."