காணாமல் போன எட்டாம் தேதி

பல் டாக்டரின் கம்ப்யூட்டரில் முன்பதிவுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. கிளினிக் திறந்த நாளிலிருந்து அதில் ஒரு வரியைக்கூட யாரும் அழித்ததில்லை. ஃபைல் ஊதிப்போய், அது திறப்பதற்குள் ஊசி போட்ட வாய்க்கு மரமரப்பே தெளிந்துவிடும் என்ற நிலை.

டாக்டரின் தம்பி புரோகிராம் எழுதுகிறவன்.

"இதுக்குப் போயா இவ்வளவு அலுத்துக்கிறே? இன்னைக்கு முந்தின தேதியெல்லாம் தூக்குற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டுத் தரேன்கா."

ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்கிரிப்டை ஓடவிட்டான். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. ஃபைல் பொசுக்கென்று திறந்தது. அக்கா அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு, தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தாள்.

காபி ஆறுவதற்குள் அக்காவின் மாமனார் வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்குட்டிகள் பக்கத்தில் காலமெல்லாம் அசராமல் உட்கார்ந்திருந்த மனிதருக்கு, பல் பிடுங்கும் நாற்காலியைக் கண்டால் மட்டும் தொடை நடுங்கும். அவருடைய ஆடுகிற கடைவாய்ப்பல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அடுத்த மாதம் எட்டாம் தேதியில் வந்து நின்றது. அதையும் தள்ளிப்போடத்தான் வந்திருந்தார்.

"உங்க பேரே இதுல இல்லையே, மாமா" என்றாள் மருமகள்.

அவர் முகத்தில் பல்பு எரிந்தது. "நான் என்னம்மா செய்ய? கம்ப்யூட்டரே வேணாங்குது!"

அதற்குள் போன் அடித்தது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதியை மாற்ற வேண்டுமாம் ஒரு பெண்மணிக்கு. அவர் பெயரும் இல்லை. என்றைக்கோ முடிந்துபோன ஒரு இருபத்தேழாம் தேதி மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்கே?"

தம்பி திரையை உற்றுப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்றைக்கு இருபதாம் தேதி. ஃபைலில் நாள் முதலில், வருஷம் கடைசியில். ஸ்கிரிப்ட் முன்னால் இருந்த எண்ணைப் பார்த்து, இருபதுக்குக் கீழே உள்ளதையெல்லாம், போன வருஷமா அடுத்த மாதமா என்று கேட்காமல் வாரிச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது.

வருஷம், மாதம், நாள் என்று வரிசையாகப் பார்க்கும்படி அதைத் திருத்தினான். நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்கப்போகும்போது மாமனார் நைசாக அவன் காதருகே குனிந்தார்.

"தம்பி, மத்தவங்களையெல்லாம் போட்டுடு. என் வரி மட்டும் போனது போனதாவே இருக்கட்டுமே."

"அக்கா தோலை உரிச்சிடுவா, மாமா."

"சொன்னாத்தானே தெரியும்?"

"எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றாள் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே. "எட்டாம் தேதி வேணாம்னா போகட்டும், மாமா. இப்ப நாற்காலி காலியாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க."

மாமனார் வாசலைப் பார்த்தார். மருமகள் வழியை அடைத்து நின்றாள். வேறு போக்கில்லாமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறினார். ஊசி போட்டபோது பிடி இறுகியது. இடுக்கியைப் பார்த்ததும் இன்னும் இறுகியது. பல் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"ஐயோ அம்மா!" என்று அலறியது தம்பிதான்.