தொட்டியும் ஒன்று, திருகாணியும் ஒன்று

அந்தக் கிடங்கில் குளியல் தொட்டியும் ஒன்று, திருகாணிப் பொட்டலமும் ஒன்று. புதிதாக வந்த மேனேஜரம்மா சுவரில் மாட்டிய பலகை அப்படித்தான் எண்ணியது. மணிக்கு எத்தனை உருப்படி எடுத்தாய் என்று கேட்கும். என்ன உருப்படி என்று கேட்காது. நூறைத் தாண்டினால் பச்சை, அறுபதைத் தாண்டினால் மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. தொடர்ந்து நாலு வாரம் சிவப்பென்றால் வேலை போச்சு.

ஆமையண்ணன் மூன்று வாரமாகச் சிவப்பில் கிடந்தார். பலகை வந்ததும் கிடங்கே புத்திசாலியாகிவிட்டதுதான் காரணம். வாசலோரத்துத் திருகாணி அடுக்கில் எல்லோரும் ஈயாக மொய்த்தார்கள். கடைக்கோடியில் கிடந்த தொட்டியும் கதவும் "அண்ணன் பாத்துக்குவாரு" என்று அவர் தலையில் விழுந்தன. அங்கே தள்ளுவண்டியோடு போய்த் திரும்புவதற்குள் மொட்டைத்தலையிலும் முடி முளைத்துவிடும். முடியாது என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. ஐம்பத்தாறு வயதில் வேறு எவன் வேலை தருவான்?

நாலாவது வெள்ளிக்கிழமை காலையில் அவர் பலகை முன்னால் நின்றார்.

"என்னண்ணே, முறைச்சுப் பாத்தா நெறம் மாறுமா?" என்றாள் புயல். பச்சையிலேயே குடியிருப்பவள்.

"மாறினா நல்லாருக்கும்மா."

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. மற்றவர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்களுக்கும் தைத்தது.

சாப்பிடப் போகும்போது அண்ணன் உருப்படி எண்ணும் தன் ஸ்கேனரை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். ஆளுக்குப் பத்துத் திருகாணியை அதில் காட்டிவிடுவது என்று ஏற்பாடு. ஆனால் அடுத்தவன் கஞ்சத்தனம் பண்ணுவான் என்று ஒவ்வொருவரும் நினைத்து, ஒளிந்து வந்து நூறு நூறாகக் காட்டினார்கள். பதினாலு பேர்.

மேனேஜரம்மா இறங்கி வந்தார். "அண்ணே, ஒரு மணி நேரத்துல ஆயிரத்து நானூறு. அதுவும் சாப்பாட்டு நேரத்துல."

அண்ணன் ஸ்கேனரை எட்டிப் பார்த்தார். "நான் எடுக்கலம்மா."

"அப்ப யாரு?"

பதினாலு தலைகளும் தரையில் ஊசி தேடின.

"தெரியாதும்மா. நான் எடுக்கல, அவ்வளவுதான்."

"நூறு என்னோடது மேடம்," என்றாள் புயல். "மிச்சத்துக்கு இவங்க இருக்காங்க. திட்டறதுக்கு முன்னாடி அவருகூட ஒரு தடவ கடைசி அடுக்கு வரைக்கும் போய்ட்டு வாங்க."

மேனேஜரம்மா கெட்டவரல்ல; மேலிடம் எண்ணிக்கையைக் கேட்டது, அவரும் எண்ணிக்கையைக் கேட்டார். சரியென்று போனார். தொட்டியின் ஒரு முனையை அவரே பிடித்தார். அரை மணி கழித்து, சீவிய தலை குருவிக்கூடாகி, மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஸ்கேனரைப் பார்த்தார்.

"இது வெறும் ஒண்ணா?"

"ஒண்ணுதாம்மா," என்றார் அண்ணன், மன்னிப்புக் கேட்பதுபோல.

திங்கட்கிழமை பலகை மாறியது. எடையும் நடையும் கணக்கில் சேர்ந்தன. கடைக்கோடிக்கு எல்லோரும் முறைவைத்துப் போக வேண்டும். கள்ளத் திருகாணிகள் அழிந்தன. பழைய சிவப்பு வாரங்களும் அழிந்தன.

வெள்ளிக்கிழமை அண்ணன் மஞ்சளில் இருந்தார்.

"இவ்வளவு மாத்தியும் பச்சை வரலியேம்மா?"

"எனக்கும் ஆசைதாண்ணே," என்றார் மேனேஜரம்மா. "ஆனா நீங்க நெசமாவே கொஞ்சம் மெதுவு."

அண்ணன் யோசித்துப் பார்த்தார். பொய்யில்லை. மஞ்சளைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு, இன்று வாசலோர அடுக்கு தன் முறையென்று, நிதானமாகத் திருகாணி எடுக்கப் போனார்.