முட்டுக் கொடுக்காத குழி

கிழக்கு வெளுக்கும் முன்பே அய்யம்மாளின் தலையில் மண்சட்டி ஏறிவிட்டது. ராத்திரி மழையில் ஊறிய களிமண். சட்டி விளிம்பிலிருந்து சேறு ஒழுகி அவள் கழுத்துக்குள் இறங்கியது. குழிக்குள் நின்று வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன் கருத்தையா. ஆள் உயரத்துக்கும் மேலான ஆழம். குனிந்து பார்த்தால்தான் அவன் தலைத்துண்டு தெரியும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையோரம், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து லாரியில் இறங்கும் கேஸைச் சேர்த்துவைக்க டேங்குகள் இருந்தன. அவை போதாதென்று புதிதாக இன்னும் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கிருந்து மில்களுக்குக் குழாய் போக வேண்டும். அதற்குத்தான் இந்தக் குழி.

"சார், சுவரு கசியுது. முட்டுப் பலகை வச்சுட்டு எறங்குதோம்" என்று சூப்பர்வைசர் ஜெபக்குமாரிடம் கருத்தையா குழிக்குள் இறங்கும் முன்பே சொல்லியிருந்தான். சுவர் சரியாமல் தாங்கும் அந்தப் பலகைகள் டேங்க் வளாகத்துக்குள் தார்ப்பாய்க்கடியில் கிடந்தன. ஆபீசர்கள் பார்வையிட வந்தால்தான் அவை வெளியே வரும்.

"பலகையக் கட்டி அவுக்க நேரமில்லடே. வேலையப் பாரு."

மண் சரிந்தபோது பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போலிருந்தது. அய்யம்மாள் திரும்பிப் பார்த்தாள். குழி பாதி தூர்ந்திருந்தது.

"மம்பட்டியப் போடாதீக! அவிய தலை இருக்கும்!"

கத்திக்கொண்டே சட்டியை எறிந்துவிட்டுக் குதித்தாள். கூட மண் வெட்டும் மாரிசெல்வம் குதித்தான். கூடச் சட்டி சுமக்கும் செல்லத்தாய் குதித்தாள். குழாய் ஒட்ட வந்த ஒடிசாக்கார வெல்டர்களும் ஓடிவந்தார்கள். எல்லாரும் கையாலேயே மண்ணைப் பறித்தார்கள். அய்யம்மாளின் நகங்கள் பிய்ந்தன. முதலில் தலைமுடி தட்டுப்பட்டது, பிறகு நெற்றி. மூக்கிலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்ததும் கருத்தையா ஒரு மூச்சு இழுத்தான். இடுப்பு நொறுங்கியிருந்தது.

மறுநாள் காலை, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் புருஷனோடு இருந்தவளைக் கான்ட்ராக்டர் பொன்னுராஜ் ஆள்விட்டு வரவழைத்தார். ராத்திரியோடு ராத்திரியாக வாடகை மிஷின் வைத்துக் குழி மறுபடியும் தோண்டப்பட்டிருந்தது. பலகை ஒன்றுகூட இல்லை. கூட்டாளிகள் மண்வெட்டியோடு வெளியே நின்றார்கள்.

"ஏட்டி அய்யம்மா, கேஸ் லாரி வந்துக்கிட்டிருக்கு. இன்னைக்குள்ள குழாய் எறங்கணும். போலீசு கேட்டா, உம்புருஷன் குடிச்சிட்டுக் குழிக்குள்ள விழுந்துட்டான்னு சொல்லு. மதுரைக்குக் கொண்டுபோயி ஆபரேசன் பண்ண நான் ஏற்பாடு பண்ணுதேன்."

"அவிய குடிக்க மாட்டாக மொதலாளி."

"எனக்கும் தெரியும். சொல்லுன்னுதான் சொல்லுதேன்."

 சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். கருத்தையா மதுரைக்குப் போய்விடுவான். இல்லையென்றால் என்ன செய்வாள்? குழியைப் பார்த்தாள். அதன் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு நான் பொய் சொல்லுதேன். நாளைக்கு இதுக்குள்ள பொதையப் போறவனையும் குடிகாரன்னுதான சொல்லுவீக? முடியாது மொதலாளி."

"அப்ப நட. உம்புருஷன் அங்கனயே கெடந்து சாவட்டும்." பொன்னுராஜ் திரும்பினார். "ஏலே மாரிசெல்வம், எறங்குலே."

மாரிசெல்வம் குழியின் அருகே போனான். எட்டிப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"பலகை வைங்க, எறங்குதோம். கருத்தையா அண்ணன மதுரைக்கு அனுப்புங்க. அது ஒங்க பொறுப்பு."

"எனக்குச் சட்டம் பேசுதியோ? நீங்க இல்லாட்டா எனக்கு ஆளா இல்ல?" வெல்டர்களை நோக்கிக் கையசைத்தார். "நீங்க எறங்குங்கடா!"

அவர்களில் ஒருவன், நேற்று அய்யம்மாளுக்குப் பக்கத்திலேயே மண் பறித்தவன், துணி சுற்றிய அவள் விரல்களைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"பலகை இல்லே, வேலை இல்லே" என்றான், தெரிந்த தமிழில். கேட் வாசலுக்குப் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவன் கூட்டாளிகளும் போனார்கள். மாரிசெல்வமும் போனான். மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"ஒருத்தன் மிச்சமில்லாம உள்ள தூக்கி வைக்கேன் பாரு!" பொன்னுராஜ் போனை எடுத்துப் போலீசை அழைத்தார். ஜெபக்குமார் எந்தப் பக்கமும் பார்க்காமல் நின்றான்.

அய்யம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போவதா, இங்கே இருப்பதா என்று தெரியாமல் தவித்தாள். செல்லத்தாய் அவள் தோளைப் பிடித்தாள்.

"அண்ணன்கிட்ட நான் போயி இருக்கேன் மதினி. நீ இங்கன இரு. போலீசு வந்தா ஓம் பேச்சு இங்கனதான் வேணும்."

ராஜபாளையம் பக்கமிருந்து ஜீப் சத்தம் கேட்டது. சாலையில் கேஸ் லாரி வந்து நின்று, வழி கேட்டு ஹாரனை அலறவிட்டது. யாரும் எழவில்லை. அய்யம்மாள் கேட்டை நோக்கி நடந்தாள். நெருங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அவளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து, நடுவில் இடம் விட்டார்கள்.