யல்லா சொல்லாதீர்கள்

பர்க் இருக்கும் இடத்தில் யாரும் யல்லா சொல்லக் கூடாது என்று லாயக் கதவில் நான்தான் எழுதி ஒட்டினேன். அரபி, உருது, இங்கிலீஷ், தமிழ், நாலு பாஷையிலும். மறுநாள் காலை தீவனம் இறக்க வந்த பட்டான் அதை நின்று நிதானமாக வாசித்தார். "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். அப்புறம் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு "யல்லா!" என்றார். அடுத்த நிமிஷம், பர்க் மேல் ஏறியிருந்த நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் பர்க், இவள் எப்போது இறங்கினாள் என்று கேட்பவன் மாதிரி, வெறும் சேணத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. இந்த அரபு ஊரில் வா என்றாலும் யல்லா, போ என்றாலும் யல்லா. சீக்கிரம், சரி, முடிஞ்சுது, போனை வைக்கிறேன், எல்லாமே அதுதான். கராமாவில் பிறந்து வளர்ந்த எனக்கே கொட்டாவி விட்டால்கூட அந்தச் சொல்தான் வரும். ஆனால் பர்க்குக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்: ஓடு.

அவன் குவார்ட்டர் ஹார்ஸ். கால் மைல் ஓடுவதற்கென்றே அமெரிக்காவில் வளர்த்தெடுத்த இனம். முதலாளி அபு சைஃப் ஆசை ஆசையாக விமானத்தில் இறக்கி, பாலைவனத்தில் நேர்கோடாக ஒரு பாதை போட்டு, நண்பர்களின் குதிரைகளோடு ஓடவிட்டார். பந்தயம் தொடங்கக் கூண்டுக் கதவு திறக்கும்போது மேலே இருப்பவன் யல்லா என்று கத்துவான். பர்க் என்றால் மின்னல். பெயருக்கேற்ற மாதிரி கொஞ்ச காலம் மின்னினான். பிறகு இளசுகள் வந்தன, இவன் தோற்க ஆரம்பித்தான். தரகரிடம் தள்ளிவிடுகிறேன் என்றார் அபு சைஃப். தரகரின் வண்டியில் ஏறும் குதிரைகள் எங்கே போகின்றன என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். தைத் சாலையில் உள்ள இந்த லாயத்தில் தடை தாண்டக் கற்றுக்கொடுப்பவள் நான். அவனுடைய பின்னந்தொடையைப் பார்த்தாலே எனக்கு ஆசை வரும். அந்தப் பலத்தை முன்னால் தள்ளாமல் மேலே தூக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், இதுதான் என் கட்சி. "குளிர்காலத்து முதல் போட்டியில ஒரு சுற்று, ஓட்டம் பிடிக்காம முடிப்பான். முடிச்சா அவன் இங்கேயே இருக்கட்டும்" என்றேன். அபு சைஃப் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் சிரித்ததில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதிலேயே பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது.

மீதிப் பாதி சுலபமில்லை. நேராக ஓடியே பழகியவனுக்குத் திரும்பத் தெரியாது. அதைவிடப் பெரிய வம்பு, பந்தயக் குதிரை கடிவாளத்தை இழுத்தால் நிற்காது. இழுக்க இழுக்க அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடும். வாரைத் தளர விட்டால்தான் குறையும். பறக்கிற குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு கையை விடு என்றால் எந்தக் கை கேட்கும்? என் கை கேட்பதற்குள் இடுப்பு ரெண்டு தடவை வீங்கியது.

அப்போதுதான் ரெங்கராஜின் சொல் கிடைத்தது. ரெங்கராஜ் எங்கள் குதிரைக்காரர், தாராபுரம். குதிரைக்கும் ங்க போட்டுத்தான் பேசுவார். தேய்த்துவிடும்போது "பொறுங்க கண்ணு, பொறுங்க" என்பார். அதைக் கேட்டதும் பர்க் தலையைத் தொங்கப் போட்டு உதட்டைத் தளர்த்திவிடுவான். எனக்கு அந்தச் சொல் வேண்டும் என்றேன்.

"ஏனுங் அம்மணி, அது நான் சும்மா சொல்றதுங்க."

"அந்த சும்மாதான் வேணும்."

வாரைத் தளர்த்துவது, பொறுங்க சொல்வது. வட்டம், நடை, தரையில் கிடக்கும் கழி, பிறகு முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். கீழக்கரைக் குடும்பத்துப் பெண் வாயில் கொங்குத் தமிழ். உம்மா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

போட்டியன்று மைதான வேலி ஓரமாக ரெங்கராஜ் ஒவ்வொருவரிடமும் போய், தெரிந்த பாஷையிலெல்லாம் கெஞ்சி வைத்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவரைத் தவிர, அவர் அப்போது வந்திருக்கவில்லை.

மணி அடித்தது. முதல் தடை சுத்தம். இரண்டாவதில் கொஞ்சம் அவசரப்பட்டான், பொறுங்க என்றேன், பொறுத்தான். வளைவில் லாரி திரும்புவது மாதிரி அகலமாகத் திரும்பினான், ஆனால் திரும்பினான். எனக்குள் ஒரே குஷி. கடைசித் தடை மட்டும் பாக்கி. அப்போதுதான் வேலியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"யல்லா சப்ரீனா! யல்லாம்மா, யல்லா!"

வாப்பா! தேரா பஜாரில் அத்தர்க் கடை வைத்திருக்கும் என் வாப்பா சாதிக் பாட்ஷா. நீ குதிரை மேல இருக்கறத என்னால பாக்க முடியாதும்மா என்று இத்தனை வருஷம் ஒரு போட்டிக்கும் வராத மனுஷர், இன்றைக்கென்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வாயையும் திறந்துவிட்டார்.

பர்க்கின் முதுகு எனக்குக் கீழே தாழ்ந்தது. கூண்டுக் கதவு திறக்கும்போது தாழும் அதே தாழ்வு. மண் பின்னால் தெறித்தது. என் விரல்கள் இறுகப் போயின. விட்டேன். இரண்டு வாரும் கழுத்தோரம் தொய்ந்து ஆடின. "பொறுங்க" என்றேன். கேட்கவில்லை. ரெங்கராஜ் அந்தச் சொல்லை இழுப்பதைப் போலவே இழுத்து, "பொறுங்...க கண்ணு" என்றேன். ஒரு காது என் பக்கம் திரும்பியது. அப்புறம் மற்றது. பாய்ச்சல் சுருங்கி, அத்தனை பலமும் பின்னங்காலுக்கு வந்து சேர்ந்ததைத் தொடையில் உணர்ந்தேன். தேவைக்கு மேல் ஒரு முழம் உயரம் போனான். மேலே இருக்கும்போதே நான் கத்திவிட்டேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது வாப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். பக்கத்தில் ரெங்கராஜ், "இன்னொருக்கா வாயத் தொறந்தீங்கன்னா பாருங் பாய்" என்று சண்டைக்கு நின்றார்.

"நான் என்னத்தக் கண்டேன்? சந்தோஷத்துல வந்துருச்சும்மா."

"உங்களக் கொல்லணும் வாப்பா" என்றேன், சிரிப்பும் அழுகையுமாக. பர்க் அவருடைய சட்டைக் கையை மோந்து பார்த்தான். அத்தர் வாசனை பிடிக்கவில்லை போல, தும்மினான்.

அபு சைஃப் போனில் பேசிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் நிழலில் தரகரின் வண்டி, பின்கதவு திறந்தபடி நின்றது. வந்தவர் பர்க்கின் நெற்றியில் கை வைத்தார், என்னைப் பார்த்தார். முதலாளியின் வாயைப் பொத்த ரெங்கராஜால் முடியுமா?

"யல்லா" என்றார் அபு சைஃப்.

போனிலிருந்தவரிடம் சொன்னாரா, வண்டிக்காரரிடமா, இல்லை என்னிடமா, தெரியவில்லை. வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். வாரை நான் முன்பே தளர்த்தியிருந்தேன், ஆனால் பொறுங்க சொல்லவில்லை. பர்க்கின் முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழுந்தது. அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக, எடுத்த அதே குளம்புத் தடத்திலேயே, இறங்கியது.