செவலைக்குப் பார்த்த வீடு

மலாயாவில் அவசரகாலம் வந்து மூன்றாவது வருஷம். ரெம்பாவ் பக்கம் காட்டோரத்தில் குடிசை போட்டிருந்தவர்களை ராணுவம் லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனது. லாரியில் அம்மிக்கு இடமிருந்தது, கோழிக்கு இடமிருந்தது, நாய்க்கு இல்லை. அப்படி விடப்பட்ட ஒன்பது நாய்கள் நடந்து வந்து ரப்பர் தோட்டத்தின் கம்பி வேலியோரம் உட்கார்ந்துகொண்டன.

சனிக்கிழமை காலைக்குள் எந்த நாய் எந்த வீட்டுக்கு என்று கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் கைநாட்டு வைக்க வேண்டும், மிச்சத்தைச் சுட்டுவிடுவார்கள் என்றார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை.

பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் மயிலம்மாள் அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டாள். தோட்டத்தில் பாதிக் கல்யாணங்கள் அவள் முடித்துவைத்தவை. நாய்க்கு வீடு பார்ப்பது அதைவிடக் கடினமா என்ன? ரெம்பாவுக்கு வரும் ரயில் எங்கோ தொலைவில் கெமாஸை விட்டுக் கிளம்பும்போதே குரைக்கத் தொடங்கும் கறுப்பனைக் காது மந்தமான தங்கராஜுவிடம் சேர்த்தாள். குரல் உயர்ந்தால் நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும் வெள்ளையை, புருஷனும் பெண்டாட்டியும் விடிந்தால் சண்டை போடும் மணியம் வீட்டில் விட்டாள். நாயைத் தாண்டுவதற்குள் கோபத்தின் காரணம் இருவருக்கும் மறந்துபோனது. புதன்கிழமைக்குள் எட்டுக்கு வீடு கிடைத்துவிட்டது.

ஒன்பதாவது செவலை. பார்க்க லட்சணமான நாய். ஆனால் அது காணும் கனவு அதற்குள்ளேயே அடங்கி நிற்காது. படுத்திருக்கும் வீடெங்கும் பரவிவிடும். முதலில் வாங்கிப்போன அமிர்தலிங்கத்தின் குடும்பமே விடியற்காலையில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துக்கொண்டு எழுந்தது. குதிகாலெல்லாம் ஒட்டுப்புல். கதவோ உள்ளே தாழிட்டபடி இருந்தது. ஊரடங்கு நேரத்தில் புல் எப்படி ஒட்டியது என்று காவல்காரன் கேட்டால் என்ன பதில் சொல்வது? நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த இரண்டு வீட்டிலும் அதே கதை. மூன்று இடத்திலும் மயிலம்மாள், கல்யாணம் பேசிய பழக்கத்தில், குறையே இல்லாத நாய் என்றுதான் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செவலையை இழுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குப் போனாள். அங்கே ராக்கம்மா பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனை யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான், ஆள் திரும்பவில்லை.

"குறையில்லாத நாயின்னு எங்கிட்டயும் சொல்லாத மயிலு. மூணு வீட்டுல தள்ளிட்டாங்கன்னு தெரியும்லா."

மயிலம்மாளுக்கு வேறு வழி தெரியவில்லை. தரகு பேசத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். "படுத்தா வீட்டு ஆளுங்களையும் கனவுக்குள்ள இழுத்துக்கிட்டு ஓடுது, அக்கா."

தொட்டிலை ஆட்டிய கை நின்றது. "எம்புட்டு தூரம் ஓடும்?"

"லிங்கி ஆத்தத் தாண்டினேன்னு அமிர்தலிங்கம் சொன்னாரு."

ராக்கம்மா செவலையின் கால்களைப் பிடித்துப் பார்த்தாள், மாடு வாங்குகிறவளைப் போல. "எனக்குக் கனவு வந்து எட்டு வருஷமாச்சு. அவரு மொகம்கூட வரல. இரவல் கனவாச்சும் வரட்டும். விட்டுட்டுப் போ."

சனிக்கிழமை காலை பனி மரங்களின் இடுப்புவரை நின்றது. கிராணி புத்தகத்தை விரித்தார். காவல்காரன் துப்பாக்கியைத் துடைத்தான். ராக்கம்மாவைக் காணோம். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மயிலம்மாள் இரண்டு முறை கெஞ்சிவிட்டாள். மூன்றாம் முறை வாய் திறந்தபோது பனிக்குள்ளிருந்து செவலை வந்தது. பின்னாலேயே ராக்கம்மா. முழங்கால்வரை சேறு, தலைமுடியில் அந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் யாரும் பார்த்திராத ஓர் அகன்ற இலை.

ஏன் தாமதம் என்று கிராணி அதட்டினார்.

"திரும்பி வர்ற தூரம்லா, ஐயா," என்றாள்.

கிராணி மைப்பெட்டியை நகர்த்துவதற்குள் சேற்று விரலாலேயே கைநாட்டு வைத்துவிட்டாள். காவல்காரன் தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மயிலம்மாள் அவளை ஒதுக்கமாக அழைத்துப்போய், புருஷனைப் பார்த்தாயா என்று கேட்டாள்.

"ஆளு ரொம்ப இளைச்சிட்டாரு," என்றாள் ராக்கம்மா. "நாயத்தான் மொதல்ல தடவிக் குடுத்தாரு."